மழையில் வாருங்கள்: மூடிய குவாரியைப் பார்வையிட வரும் ஆய்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வுக் குழுவினருக்கு,

வணக்கம்.

எங்கள் ஊர்க் கண்மாய்க்கு மேற்கே கிடக்கும், வீடு கட்டச் செந்நிறக் கல் வெட்டும் செம்புராங்கல் குவாரி மூடப்பட்டுவிட்டதென்றும், தோண்டிய நிலத்தைச் சீராக்கியிருக்கிறார்களா என்று பார்க்க வைகாசிக் கடைசியில் நீங்கள் வருகிறீர்களென்றும் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. நின்று இரண்டு முறை படித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் மனம் அந்தப் பலகையை விட்டு நகரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

வைகாசியில் வராதீர்கள். ஐப்பசியில் வாருங்கள், கார்த்திகையானால் இன்னும் நல்லது. அடைமழை பிடித்துக்கொண்ட நாளாகப் பார்த்து வாருங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். இதை ஏன் இவ்வளவு வற்புறுத்திக் கேட்கிறேன் என்பதைச் சொல்வதற்குத்தான் மீதிப் பக்கங்கள்.

நான் இந்த ஊர்க்காரன். எங்கள் பாட்டனார் காலத்தில் செட்டிநாட்டிலிருந்து கப்பலேறி பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனார்கள். என் காலத்தில் கப்பல் இல்லை. ரயிலேறி நிலக்கரிக்குப் போனேன். மத்திய இந்தியாவில் 31 ஆண்டுகள் சுரங்க சர்வேயராக வேலை பார்த்தேன். முதலில் பூமிக்கு அடியில், தலையில் விளக்கோடு. பிறகு திறந்தவெளிச் சுரங்கங்களில். கடைசி 9 ஆண்டுகள், நிலக்கரி தீர்ந்து மூடிய இடங்களில் மண்ணை மீண்டும் நிரப்பி, மேடு திருத்தி, மரம் வைக்கும் வேலையை அளந்து வரைபடம் போடுவது என் பொறுப்பு. எத்தனையோ ஆய்வுக் குழுக்கள் வந்துபோனதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் படித்தவர்கள், நேர்மையானவர்கள். தவறான மாதத்தில் வந்தார்கள், அவ்வளவுதான்.

ஒரு நாளைச் சொல்கிறேன். சுரங்கத்தின் பெயர் வேண்டாம். பங்குனி வெயில். சுற்றிலும் காட்டில் புரச மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் செக்கச்செவேலென்று பூத்து நின்றன. நிலக்கரியை எடுப்பதற்காக வெட்டிக் கொட்டிய மண்ணும் பாறையும் ஒரு குன்றாக எழுந்து, படிப்படியாகத் திருத்தப்பட்டிருந்தன. ஒவ்வொரு படியிலும் நூல் பிடித்ததுபோல் மரக்கன்றுகள். பாதையோரக் கற்களுக்கு வெள்ளையடித்திருந்தார்கள். எத்தனை எக்டேர், எத்தனை கன்று, எந்த ஆண்டு என்று பச்சைப் பலகை வேறு. முந்தின இரவு முழுக்கத் தண்ணீர் லாரி ஓடியிருந்தது. கன்றுகளின் அடியில் ஈரம் காயவில்லை. குழு ஜீப்பில் வந்தது. லாரிப் பாதையில் நின்றபடியே கன்றுகளை எண்ணினார்கள். நூற்றுக்கு எத்தனை பிழைத்திருக்கிறது என்று எழுதிக்கொண்டார்கள்.

என் கையில் ஒரு மண்வெட்டி இருந்தது. அவர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது இரண்டாம் படியில் ஓரிடத்தில் கொத்திப் பார்த்தேன். நான்கு விரற்கடை ஆழத்துக்கு மண். அதற்குக் கீழே கருப்புப் பலகைக்கல், தட்டுத் தட்டாக, வெட்டியின் வாய் மடங்கும் அளவுக்கு இறுகிக் கிடந்தது. ஒரு சில்லை எடுத்து முகர்ந்தால் எரிந்து அணைந்த தீக்குச்சியின் வாடை. பக்கத்துக் கன்றைப் பிடித்து லேசாக இழுத்தேன். சுவரில் தொங்கும் பையைக் கழற்றுவதுபோல் கையோடு வந்துவிட்டது. நாற்றங்காலில் வளர்த்த கருப்புப் பிளாஸ்டிக் பையைக்கூடக் கிழிக்காமல் அப்படியே புதைத்திருந்தார்கள். வேர் வெளியே போக வழியில்லாமல் பைக்குள்ளேயே முறுக்குப் பிழிந்ததுபோல் சுற்றிச் சுற்றிக் கிடந்தது.

கொண்டுபோய்க் காட்டினேன். குழுவின் பெரியவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஒரு கன்றை வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாதே” என்றார். அதிலும் நியாயம் இருந்தது. மணி பன்னிரண்டாகிவிட்டது, வெயில் ஏறிவிட்டது, கையெழுத்தாகிவிட்டது. வரைபடத்தில் அளவு சரியென்று போட்ட கையெழுத்து என்னுடையது. அளவு சரியாகத்தான் இருந்தது. படியின் அகலம், உயரம், சரிவு எல்லாம் திட்டத்தில் எழுதியபடியே இருந்தன.

ஆடி மழையில் மறுபடி அளக்கப் போனேன். நான் கொத்திப் பார்த்த அதே படியில் என் இடுப்பளவு ஆழத்துக்குத் தண்ணீர் மண்ணை அறுத்திருந்தது. அந்த நான்கு விரற்கடை மண்ணும் போயிருந்தது. கன்றுகள் பையோடு கீழே சேற்றில் கிடந்தன. அடிவாரத்தில் ஒரு பழங்குடி அம்மாவின் நெல் வயல். நாற்று நட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதன்மேல் கணுக்கால் உயரத்துக்குக் கருஞ்சேறு. அவர் என்னைத் திட்டவில்லை. குனிந்து ஒரு கை சேற்றை அள்ளி என் கையில் வைத்து, என் விரல்களை மூடிவிட்டு, வரப்பில் ஏறிப் போய்விட்டார். முகாமுக்குத் திரும்பும் வழியில் அந்தச் சேறு காய்ந்து என் கையில் வெள்ளையாக உப்புப் பூத்தது.

பணியில் இருந்தவரை இதை நான் யாருக்கும் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

கோடையில் எந்த மண்மேடும் உறுதியாகத்தான் தெரியும். லாரியிலிருந்து கொட்டிய மண்ணும் கல்லும் ஏறக்குறைய 37 பாகைச் சரிவில் தானாகவே நின்றுவிடும். மழையில் அது நிற்காது என்பதால்தான் மொத்தச் சரிவு 28 பாகைக்கு மேல் போகக்கூடாது என்று சுற்றுச்சூழல் அனுமதிகளில் நிபந்தனை போடுகிறார்கள். ஆனால் சரிவைக் குறைத்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு படியும் குன்றின் பக்கமாகச் சற்றே உள்வாங்கியிருக்க வேண்டும். படியில் விழும் தண்ணீர் அங்கே ஒதுங்கி, கல் பாவிய வாய்க்கால் வழியாக இறங்க வேண்டும். படி வெளிப்பக்கமாக ஒரு சாண் சாய்ந்திருந்தால்கூடப் போதும், மொத்தத் தண்ணீரும் விளிம்பைத் தாண்டி விழுந்து அறுக்கத் தொடங்கிவிடும். அந்த ஒரு சாணைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கருவி வைத்தால் தெரியும். இல்லையென்றால் மழை பெய்தால் தெரியும்.

மண்ணுக்கும் இதே கதைதான். 100 டன் சுமக்கும் வண்டிகள் மாதக்கணக்கில் ஓடிய தரை சிமெண்டுத் தளம் மாதிரி இறுகிப்போகும். அதை ஆழமாகக் கீறிவிடாமல் மேலே மண்ணைப் பரப்பினால், பெய்கிற மழை உள்ளே இறங்காமல் அந்த மண்ணையே தூக்கிக்கொண்டு ஓடும். பரப்புகிற மேல்மண்ணும் உயிருள்ளதாக இருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் மலைபோல் குவித்து வைத்த மேல்மண்ணின் உள்ளே காற்றுப் போகாது. நுண்ணுயிரும் விதையும் செத்துவிடும். நிறம் மட்டும் மிஞ்சியிருக்கும். நிலக்கரியோடு வெளிவரும் கருப்புப் பலகைக்கல்லில் பல இடங்களில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற கனிமம் இருக்கும். பூமிக்குள் இருக்கும்வரை ஒன்றும் செய்யாது. காற்றும் மழையும் பட்டுவிட்டால் அமிலமாகக் கசிந்து, ஓடைக் கற்களில் மஞ்சளும் காவியுமாகப் படியும். இவற்றில் எதுவும் பங்குனியில் பச்சைப் பலகைக்குப் பக்கத்தில் நின்றால் கண்ணுக்குப் படாது.

உங்கள் கையெழுத்துக்கு இருக்கும் எடையை நீங்கள் அறிவீர்கள். இருந்தாலும் சொல்கிறேன். நிலக்கரிச் சுரங்கங்களை மூடுவதற்கு நிலக்கரி அமைச்சகம் 2009 ஆகஸ்டில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. 2013 ஜனவரியில் திருத்தியது. திறந்தவெளிச் சுரங்கமானால் எக்டேருக்கு 6 லட்சம் ரூபாய், நிலத்தடிச் சுரங்கமானால் 1 லட்சம் என்று 2009 விலையில் கணக்கிட்டு, அந்தத் தொகையைச் சுரங்க நிறுவனம் தனிக் கணக்கில் ஆண்டுதோறும் கட்டிவர வேண்டும் என்றன அந்த நெறிகள். ஐந்து ஆண்டுக்கொரு முறை வேலையைச் சரிபார்த்து, கட்டிய தொகையில் வட்டியோடு 80 சதவீதம் வரை திருப்பிக் கொடுக்கலாம் என்றும் சொல்லின. மீதி, இறுதியாக மூடி முடித்த பிறகுதான். ஆக, வேலை நடந்திருக்கிறது என்று ஆய்வாளர் எழுதித் தரும் தாள்தான் அந்தப் பணப் பெட்டியின் சாவி. பெட்டி திறந்து பணம் போன பிறகு படி சரிந்தாலும், வயலைச் சேறு மூடினாலும், வந்து நின்று செலவு செய்ய ஆள் கிடைக்காது. எங்கள் குவாரி சிறியது, சட்டம் வேறு, தொகையும் சிறியது. சாவி யார் கையில் என்பதில் மட்டும் வித்தியாசமில்லை.

அமெரிக்காவில் 1977-ல் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அந்த நாட்டுச் சுரங்கங்கள் எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தில் இரண்டு விதிகளைப் படித்தபோது, இதை எழுதியவர் சேற்றில் கால் வைத்தவர் என்று எனக்குத் தோன்றியது. சுரங்க நிறுவனம் முன்கூட்டியே கட்டிய பிணைத் தொகையை மூன்று கட்டமாகத்தான் விடுவிப்பார்கள்: பள்ளத்தை நிரப்பிச் சரிவும் வடிகாலும் அமைத்த பிறகு ஒரு பங்கு, மேல்மண்ணில் பயிர் பிடித்த பிறகு ஒரு பங்கு, பொறுப்புக்காலம் முழுதும் முடிந்த பிறகு மீதி. அந்தப் பொறுப்புக்காலம் மழையைப் பொறுத்தது. ஆண்டுக்கு 26 அங்குலத்துக்கு மேல் மழை பெய்யும் இடமானால் 5 ஆண்டுகள். 26 அங்குலமோ அதற்குக் குறைவோ என்றால் 10 ஆண்டுகள். மழை குறைந்த மண்ணில் செடி நிலைக்கக் காலம் அதிகம் வேண்டும் என்று ஒத்துக்கொண்ட சட்டம் அது.

இரண்டாவது விதி அதைவிட எனக்குப் பிடித்தது. அந்த 5 அல்லது 10 ஆண்டுகளைக் கன்று நட்ட நாளிலிருந்து எண்ண மாட்டார்கள். கூடுதலாக விதைப்பது, உரம் போடுவது, தண்ணீர் பாய்ச்சுவது எல்லாம் கடைசியாக நடந்த ஆண்டுக்குப் பிறகுதான் எண்ணத் தொடங்குவார்கள். தண்ணீர் லாரி வருகிறவரை அது நர்சரி. லாரி நின்ற பிறகு பிழைத்தால்தான் நிலம்.

எங்கள் பக்கம் ஆண்டுக்கு ஏறக்குறைய 900 மில்லிமீட்டர், அதாவது 35 அங்குலம் மழை. கேட்க நிறைவாகத்தான் இருக்கும். ஆனால் அதிகம் பெய்வது ஐப்பசி கார்த்திகையில்; அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். அந்தச் சில நாட்களை நம்பித்தான் எங்கள் கண்மாய்களும் ஊருணிகளும் இருக்கின்றன. அந்தச் சில நாட்களில்தான் நீங்கள் பார்க்க வரும் குவாரி நிலம் என்ன செய்கிறது என்பதும் தெரியும்.

தண்ணீரின் போக்கை உள்ளூர்க்காரர்களிடம் கேளுங்கள் என்பதற்கு ஒரு கொடுமையான சாட்சி உண்டு. பிரிட்டனில் வேல்ஸ் நாட்டின் அபர்வான் ஊருக்கு மேலே நிலக்கரிக் கழிவைக் குன்றுகளாகக் கொட்டிவந்தார்கள். ஏழாவது குன்றை ஓர் ஊற்றின் மேலேயே கொட்டினார்கள். அந்த ஊற்று வரைபடத்தில் இருந்தது, ஊர்க்காரர்களுக்கும் தெரிந்திருந்தது. பள்ளிக்குப் பின்னால் கொட்டுவது ஆபத்து என்று உள்ளாட்சி மன்றத்துப் பொறியாளர் 1963-லேயே கடிதம் எழுதியிருந்தார். 1966 அக்டோபர் 21, காலை ஒன்பதே கால் மணி, பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருந்த நேரம். மழையில் ஊறிய குன்று குழம்பாக இறங்கிப் பள்ளியை மூடியது. 144 பேர் இறந்தார்கள். அவர்களில் 116 பேர் குழந்தைகள். அந்தப் பொறியாளரின் கடிதத்தைப் பற்றி நினைக்காமல் என்னால் இந்த மடலை எழுத முடியவில்லை.

மூடி முடித்தாகிவிட்டது, இனி ஒன்றுமில்லை என்பதும் சரியல்ல. ஜெர்மனியில் நாக்டர்ஸ்டெட் என்ற ஊரில் பழுப்பு நிலக்கரி எடுத்த பள்ளத்தைத் தண்ணீர் நிரப்பி ஏரியாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். சுரங்கம் நின்று ஆண்டுகள் பல ஆகியிருந்தன. 2009 ஜூலை 18 அதிகாலையில் கரை சரிந்து, வீடு ஏரிக்குள் போய், 3 பேர் மாண்டார்கள்.

இனி எங்கள் குவாரிக்கு வருகிறேன்.

செம்புராங்கல் வெட்டுவதே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் வீட்டு அடித்தளம் அந்தக் கல்தான். எங்கள் ஊருணியின் படிகள் அந்தக் கல்தான். வெட்டும்போது இளகிக் கொடுத்து, காற்றுப் பட்டால் இறுகி, நூறு வருடம் தண்ணீரில் நின்றாலும் கரையாத கல். எங்கள் முன்னோர் இங்கேதான் வெட்டினார்கள். ஆனால் அவர்கள் வெட்டிய பள்ளத்துக்குத் தண்ணீர் வர வழியும் போக வழியும் வைத்து அதை ஊருணியாக்கினார்கள். இப்போது பொக்லைன் வைத்துத் தோண்டியவர்கள் பாதிப் பள்ளத்தை அப்படியே விட்டுவிட்டு, மீதியில் மண்ணைத் தள்ளி மட்டமாக்கியிருக்கிறார்கள். “நிலம் சமன் செய்யப்பட்டது” என்று உங்கள் கோப்பில் எழுதியிருப்பார்கள். சமன் என்ற அந்தச் சொல்லைத்தான் நான் எதிர்க்கிறேன்.

இந்தச் சீமையில் நிலம் என்றுமே சமனாக இருந்ததில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு சாய்வு மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. அந்தச் சாய்வைக் கண்டுபிடித்துத்தான் ஒரு கண்மாய்க்குக் கீழே அடுத்த கண்மாயை வெட்டினார்கள். எங்கள் கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாகக் கீழூருக்குப் போகும். கீழூர் நிறைந்தால் அதற்கடுத்த ஏந்தலுக்குப் போகும். எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால், குவாரி இருக்கும் அந்தச் செம்மண் காட்டின் குறுக்கே வந்தது. இப்போது அது எங்கே என்று யாராவது காட்டட்டும். குவாரியின் மேல்விளிம்பு வரைக்கும் வாய்க்கால் இருக்கிறது. கண்மாய்க்கு முன்னால் ஒரு பர்லாங் தூரமும் இருக்கிறது. நடுவில் உள்ளது, சமன் செய்யப்பட்டது.

மாசி மாதத்தில் ஒரு நண்பரிடம், நிலத்தின் மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவியை இரவல் வாங்கினேன். பேரனை அளவுக் கம்பு பிடிக்கச் சொல்லி இரண்டு நாள் காலையில் அளந்தேன். அவனுக்குப் பத்து வயது. “தாத்தா, இங்கே எல்லாம் ஒரே மட்டமாகத்தானே இருக்கிறது, எதற்கு அளக்கிறோம்?” என்று கேட்டான். கண்ணாடிக்குள் அவனையே பார்க்கச் சொன்னேன். மேலே வாய்க்கால் வந்து முடிகிற இடத்தைவிட, கண்மாய்ப் பக்கம் மீண்டும் தொடங்கும் இடம் ஒன்றரை அடி உயரமாக இருந்தது. “அப்படியென்றால் தண்ணீர் ஏறிப் போகணுமா?” என்றான். பத்து வயதுப் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. கார்த்திகை மழையில் நீங்கள் வந்தால் அளக்கவே வேண்டாம். தண்ணீர் அங்கே வந்து நின்று, வழி தெரியாமல் தெற்கே திரும்பி, மூடாமல் விட்ட பள்ளத்துக்குள் விழுவதை நின்று பார்க்கலாம். போன கார்த்திகையில் குடை பிடித்துக்கொண்டு நான் பார்த்தேன். எங்கள் கண்மாய் அரைக்கண்மாய்க்கு மேல் பெருகவில்லை. வந்த கொஞ்ச நீரும் செக்கச்செவேலென்று குழம்பாக வந்தது. மடை வாயில் வண்டல் ஒரு முழம் ஏறியிருக்கிறது.

கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குத் திறந்துவிடும் எங்கள் நீர்ப்பாய்ச்சி எழுபது வயதைத் தாண்டியவர். அந்த வரத்துக்கால் எங்கெங்கே வளைந்தது, எந்த இலுப்பை மரத்தடியில் இரண்டாகப் பிரிந்தது, எந்த ஆண்டு தூர்த்தார்கள் என்று கையால் கோடு போட்டுக் காட்டுவார். அவரிடம் தாளும் இல்லை, வரைபடமும் இல்லை. அவரை ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டு நடங்கள். ஆடு மேய்க்கும் பெண்களையும் கேளுங்கள். எந்த இடத்தில் கால் புதையும், எந்த ஓரம் நம்பக்கூடாது என்று அவர்கள் அளவுக்கு அறிந்தவர்கள் இல்லை.

அந்த ஓரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளத்தின் மூன்று பக்கம் செங்குத்து. கல் வெட்டிய வாக்கில் சுவர்போல் நிற்கிறது, மழையில் வழுக்கும். மார்கழியில் என் பக்கத்து வீட்டுக்காரரின் கன்றுக்குட்டி தண்ணீர் குடிக்க இறங்கி உள்ளே போய்விட்டது. நாங்கள் நான்கு பேர் வடக்கயிறு கட்டி இழுத்தோம். அது ஏறப் பார்த்தது, வழுக்கியது, மறுபடி ஏறப் பார்த்தது. கடைசியில் ஓர் இளைஞர் உள்ளே குதித்து அடியிலிருந்து தள்ளினார். மேலே வந்ததும் அந்தக் கன்று காலை ஊன்றி நிற்கவே வெகுநேரமாயிற்று. அதன் குளம்புகளில் செம்மண் அப்பியிருந்தது. அதே பள்ளத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் விடுமுறையில் பந்து விளையாடுகிறார்கள். தயவுசெய்து அதன் விளிம்பில் நின்று, உள்ளே விழுந்த ஒரு பிள்ளை எந்தப் பக்கமாக ஏறி வர முடியும் என்று பாருங்கள். ஒரு பக்கத்தையாவது வண்டி இறங்கும் சரிவாக வெட்டிவிட்டால் கன்றும் ஏறும், பிள்ளையும் ஏறும்.

நிலக்கரி நிலத்தில் நான் பார்த்த அமிலப் பயம் இங்கே இல்லை. எங்கள் மண்ணில் இருப்பது இரும்பு, கந்தகம் இல்லை. அதற்காக மேலே தூவிய மண்ணை நம்பிவிட முடியாது. சமன் செய்த இடத்தில் நான் மூன்று இடத்தில் வெட்டிப் பார்த்தேன். ஓர் இடத்தில் ஒரு சாண் மண், மற்ற இரண்டில் அதுவும் இல்லை. கீழே உடைந்த கல்லும் இறுகிய தரையும். அதில் வரிசையாகத் தைலமரக் கன்றுகளை வைத்திருக்கிறார்கள். தைலமரம் எங்கேயும் வளரும், அதனால்தான் வைக்கிறார்கள். அதன் நிழலில் எங்கள் ஆட்டுக்கு ஒரு வாய்ப் புல்கூட முளைக்காது.

உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 8 அன்று ஓர் ஆணை பிறப்பித்தது. கனிமம் எடுத்து முடித்தவர்கள் தாங்கள் கெடுத்த நிலத்தில் மீண்டும் புல் வளர்க்க வேண்டும். தீவனமும் செடிகொடியும் உயிரினமும் தழைக்கும் நிலைக்கு அதைக் கொண்டுவர வேண்டும். இதை நிபந்தனையாகவே சேர்க்க வேண்டும் என்று மத்திய அரசுக்குச் சொன்னது. நீதிபதிகள் புல்லைச் சொன்னார்கள் என்பதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. புல்தான் முதலில் வர வேண்டும். புல் பிடித்த இடத்தில் மண் நகராது. காரை, சூரை, இலுப்பை, ஆவாரை, வேம்பு எல்லாம் அதற்குப் பின்னால் தாமாக வரும். இந்த மண்ணுக்கு உரியவை அவை. எங்கள் ஊர்ப்பெயர்களைச் சொல்லிப் பாருங்கள், காரைக்குடி, இலுப்பைக்குடி என்று அந்த மரங்களே வரும்.

இதற்கு வெளியூர் போய் ஆள் தேட வேண்டியதில்லை. செட்டிநாட்டிலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மானாவாரி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மழையை மட்டும் நம்பிய செம்மண்ணில் என்ன நிற்கும் என்பது அவர்களுடைய அன்றாட வேலை. அங்கிருந்து ஒருவரை உங்கள் குழுவோடு அழைத்து வாருங்கள். கொழுக்கட்டைப் புல்லை எந்தப் பருவத்தில் விதைப்பது, கீறிவிட வேண்டிய ஆழம் என்ன என்று அவர் அங்கேயே நின்று சொல்லிவிடுவார்.

நீங்கள் வேலைப்பளு உள்ளவர்கள் என்று தெரியும். ஒரு மாவட்டத்தில் எத்தனை குவாரி, எத்தனை கோப்பு என்பதும் தெரியும். மழை நாளில் வண்டி போகாது, கருவி நனையும், காகிதம் ஊறும். கோடையில் வருவது எளிது. ஆனாலும் நீங்கள் வைகாசியில் வந்துதான் ஆக வேண்டுமென்றால், வாருங்கள், பாருங்கள், அளவுகளை எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்தை மட்டும் கார்த்திகைக்கு நிறுத்தி வையுங்கள். அதற்குள் வரத்துக்காலைத் தோண்டித் திறக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கச் சரிவை வெட்டச் சொல்லுங்கள். தண்ணீர் லாரியை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டுக் கார்த்திகையிலும் ஒருமுறை வந்துவிட்டுப் பிறகு மூடல் சான்றிதழ் கொடுங்கள். இரண்டு மழைக்காலம் பார்த்த பிறகு நீங்கள் சரி என்று சொன்னால், நான் மறுபேச்சுப் பேச மாட்டேன்.

என் அளவுகளை ஒரு பெரிய தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். நீங்கள் சரிபார்த்து, தவறிருந்தால் திருத்துங்கள். நான் தவறியிருந்தால் அதை ஊர் முன்னால் சொல்லவும் சம்மதம்.

மழை நாளில் வரும்போது வண்டியைக் குவாரிப் பாதையில் விடாதீர்கள்; செம்மண் இழுத்துக்கொள்ளும். அய்யனார் கோயிலுக்கு எதிரே சரளை போட்ட இடம் இருக்கிறது, அங்கே நிறுத்துங்கள். அங்கிருந்து நடந்தால் பதினைந்து நிமிடம். நானும் நீர்ப்பாய்ச்சியும் கோயில் திண்ணையில் இருப்போம். குடை போதாது, தலைக்குப் போட கொங்காணி நான்கைந்து எடுத்து வைக்கிறோம். மண்வெட்டி நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுரங்க சர்வேயர் ஒருவர்,
செட்டிநாட்டுக் கண்மாய்க்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து